உள்ளங்கை இரண்டும் மேலே

பனாக்கா, நெவாடா
1977 ஜனவரி 9

நெல்டா அக்காவுக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அப்படி எதுவும் இல்லை. நானும் அர்விலாவும் நன்றாகவே இருக்கிறோம். கெட்டுப்போனது கிணற்று மோட்டார்தான்.

அக்டோபரில் எரிந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் செம்புச் சுருள் முழுக்கக் கரி. புதிதாக ஒன்று இறக்க இரண்டாயிரத்து நானூறு டாலர் ஆகும் என்கிறான் சீடர் சிட்டி மோட்டார் கடைக்காரன். வங்கியில் கடன் கேட்டால் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் கடைசிக்குள் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் குதிரைமசால் தீவனப் பயிர் வேரோடு காய்ந்துவிடும். அதன் பிறகு அப்பாவின் நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் எங்காவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. சத்தியமாக இல்லை. முடிவெட்டும் கடையில் கிடந்த பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் போன சீட்டுகளை மனதில் எண்ணி வைத்துக்கொண்டால், சீட்டுக்கட்டில் மிச்சம் இருப்பது என்ன என்று தெரியுமாம். தெரிந்தால் எப்போது அதிகம் கட்டுவது, எப்போது குறைவாகக் கட்டுவது என்று ஆடலாமாம். அதை விளக்கும் தாளைத் தபாலில் வரவழைத்துவிட்டேன். இது சூது இல்லை அக்கா, வெறும் கணக்கு. இதையே நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீ பன்னிரண்டு வருஷமாக அங்கே சூதாட்ட விடுதி மேசையில் சீட்டுப் போடும் டீலர். இந்த முறை தேறுமா என்று மட்டும் சொல்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த அன்று சாப்பிட்டு எழுந்தபோது, நீ பழக்கத்தில் கையைத் தட்டி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாய். அர்விலா எல்லார் முன்னாலும், "பாருங்க, நம்ம வீட்டு ஸ்பூனெல்லாம் பத்திரமா இருக்காம்"னு சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்தேன். இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும்போதுதான் எழுதுகிறேன். அது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

போன் பண்ணாதே. இந்தத் தெரு முழுக்க ஒரே லைன், நாலு வீட்டுக் காது அதில் இருக்கும். காலியென்டே தபால் ஆபீசுக்கு என் பேருக்கு எழுது. தீவனம் வாங்க அங்கே போவேன்.

லாமார்


லாஸ் வேகாஸ்
ஜனவரி 16

லாமார்,

மூன்று வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை கிடையாது. என் வேலையை ஊரில் யாருக்கும் சொல்ல வாய் வராமல், "ஓட்டல்ல பரிமாறுறாங்க"னு சொல்லி வைத்திருக்கிறீர்கள். இப்போது மோட்டார் எரிந்ததும் அக்காவின் வேலை திடீரென்று நல்ல வேலை ஆகிவிட்டதாக்கும்.

அந்தக் கை தட்டலை விளக்கிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். டீலர்கள் நாங்கள் மேசையை விட்டு நகரும்போது இரண்டு கையையும் ஒரு தடவை தட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கை இரண்டும் மேலே தெரியத் திருப்பிக் காட்ட வேண்டும். கூரைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லு எதையும் கையில் மறைத்து எடுத்துப் போகவில்லை என்று அவனுக்குக் காட்டுவது அது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்து செய்து, கை என்னைக் கேட்காமலே செய்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டுகிறேன், தலை வாரிவிட்டுத் தட்டுகிறேன். அப்பா செத்த துக்கத்தில் அன்றும் தட்டினேன். அர்விலா சொன்னது எனக்கு அவ்வளவு பெரிசில்லை, அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். நீ சிரித்ததைத்தான் பார்த்தேன்.

முறை தேறும். தேறாது என்று பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. ஆனால் ஆயிரம் பேர் கற்றால் பத்துப் பேர்தான் உருப்படியாகக் கற்கிறார்கள். மீதிப் பேரின் பணத்தில்தான் எங்கள் முதலாளி நீச்சல் குளம் கட்டுகிறான். அந்தப் பத்துப் பேரையும் அடையாளம் கண்டு வாசலுக்கு அனுப்ப ஆள் வைத்திருக்கிறான்.

ஆகவே வேண்டாம். இதுதான் என் பதில்.

இத்துடன் இரண்டு கட்டு சீட்டு அனுப்பியிருக்கிறேன். ஆடிக் கழித்தவை. மறுபடி மேசைக்கு வரக் கூடாது என்று நடுவில் ஓட்டை போட்டிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏன் அனுப்புகிறேன் என்று கேட்காதே.

நெல்டா


பனாக்கா
பிப்ரவரி 6

அக்கா,

சீட்டு வந்தது. டிராக்டர் கொட்டகையில், கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். ராஜாவின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டுக்கு எவனோ கொண்டுவந்த சீட்டுக்கட்டை, பாவம் என்று அம்மா இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டது ஞாபகம் இருக்கிறதா? முதல் இரண்டு நாள் ஜாக்கி யார், ராஜா யார் என்றே குழம்பினேன். பிறகுதான் ஜாக்கி, ராணி, ராஜா மூன்று மூஞ்சிக்கும் பத்துதான் மதிப்பு என்று படித்தேன். மூஞ்சியைப் பார்த்து அவ்வளவு நேரம் வீணாக்கியிருக்க வேண்டாம்.

தபாலில் வந்த தாளில் மூன்று முறைகள் இருந்தன. நான் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். சில சீட்டுக்கு ஒன்று கூட்ட வேண்டும், சிலவற்றுக்கு இரண்டு. பத்துக்கு இரண்டு கழிக்க வேண்டும். ஏஸை மட்டும் தனியாகப் பாதத்தை நகர்த்தி நகர்த்தி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முறைதான் மற்ற இரண்டையும் விட அதிகம் சம்பாதித்துக் கொடுக்குமாம். கொட்டகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை விண்விண் என்று தெறிக்கிறது. பாதி வழியில் கூட்டலா கழித்தலா என்று மறந்துபோய், காலைப் பார்த்தால் கால் எங்கே வைத்தேன் என்பதும் மறந்திருக்கிறது.

போன ஞாயிறு சர்ச்சில் ஒரு கூத்து நடந்தது. பிரசங்கம் நடக்கிறது. நான் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் ஒன்று, கிழங்களுக்குக் கழித்தல் இரண்டு என்று மனம் தானாக எண்ணுகிறது. பிஷப் என் தோளைத் தட்டி, "லாமார், மூஞ்சியில அப்படி ஒரு பக்தி இன்னைக்கு!"னு சொன்னார். செத்துப் போகலாம் போல இருந்தது.

இன்னும் மோசமான ஒன்று. அர்விலா நாலு கிடாரிகளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அவற்றை விற்று எண்ணூறு டாலர் வந்தது. வாங்கினவன் இன்னும் பணம் தரவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பணம் என் பூட்ஸுக்குள் இருக்கிறது. அவள் வாரம் ஒரு தடவை, "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ"னு அந்த ஆளுக்காகப் பரிதாபப்படுகிறாள்.

நீ வேண்டாம் என்றாய். நான் நிறுத்தவில்லை. திட்டு.

லாமார்


லாஸ் வேகாஸ்
பிப்ரவரி 13

அட மடையா,

நீ செய்த முதல் தப்பைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். கற்றுக்குட்டி எல்லாரும் பெரிய முறையைத்தான் எடுப்பார்கள். அது வீட்டு மேசையில் அதிகம் சம்பாதிக்கும். இங்கே சத்தம், புகை, குடிகாரன், பக்கத்தில் சிரிக்கும் பெண்கள், வேகமாகப் போடும் என்னைப் போன்ற ஒருத்தி. இத்தனைக்கும் நடுவில் தப்பில்லாமல் எண்ணும் சின்ன முறைதான் நல்ல முறை. கால் நகர்த்துவதாம்! உன் பூட்ஸ் நாட்டியத்தைப் பார்க்கக் கூரையிலிருந்து ஆளே இறங்கி வருவான்.

அந்தத் தாளை அடுப்பில் போடு. அம்மாவின் இடுக்கியாலேயே போடு.

முதலில் எண்ணவே எண்ணாதே. கைச் சீட்டின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் எப்போது இன்னொரு சீட்டு கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்பதைப் பாராமல் சொல்லும் அளவுக்குப் படி. டீலரான என் பக்கம் ஆறு தெரிந்து உன் கையில் பன்னிரண்டு இருந்தால் அசையாதே. என் பக்கம் பத்து இருந்து உன் கையில் பதினாறு இருந்தால் தாண்டிவிடும் போல இருந்தாலும் சீட்டு கேள். இரண்டு எட்டு வந்தால் இரண்டு தனி ஆட்டமாகப் பிரி. இதில் யோசித்தாயானால் எண்ணுவதற்கு மூளையில் இடம் இருக்காது.

பிறகு எண்ணு. இரண்டிலிருந்து ஆறு வரை கண்ணில் பட்டால் ஒன்று கூட்டு. ஏழு, எட்டு, ஒன்பதை விட்டுவிடு. பத்து, மூன்று மூஞ்சிகள், ஏஸ், இவற்றுக்கு ஒன்று கழி. அவ்வளவுதான். சின்னச் சீட்டெல்லாம் போய்விட்டால் பெரியவை உள்ளே தங்கும், உனக்கு நல்லது. கணக்கு ஏறினால் அதிகம் கட்டு, இறங்கினால் கொஞ்சமாகக் கட்டு. சீட்டுக்கட்டு முழுவதும் போனதும் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் நீ தூங்கியிருக்கிறாய்.

தனியாகப் பழகுவதானால் டீலராகவும் நீயே நில். ஆட்டக்காரனுக்கும் போடு, உனக்கும் போடு. கட்டு முடிந்ததும் எங்களைப் போலவே கையைத் தட்டி உள்ளங்கையைக் காட்டு. கேலி இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். அப்படி ஒரு அடையாளம் இருந்தால்தான் பழைய கணக்கு மனதை விட்டுப் போகும், அடுத்தது சுத்தமாகப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான்.

உதட்டை அசைக்காதே. சின்ன வயசில் கூட்டல் போடும்போது ஆடு அசை போடுவது மாதிரி அசைப்பாய்.

கடைசியாக ஒன்று. எந்தக் காலத்திலும் நான் வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது. டீலரின் சொந்தக்காரன் அங்கே ஆடினால் டீலருக்கு வேலை போகும். ஷெரிப் தரும் வேலை அட்டையையும் பறித்துவிட்டால் இந்த ஊரில் வேறு எந்த மேசையும் கிடையாது. எனக்கு இது ஒன்றுதான் தெரியும், லாமார். நாற்பத்தாறு வயசில் வேறு எதுவும் தெரியாது.

அர்விலாவிடம் கிடாரிப் பணத்தைக் கொடுத்துவிடு. கொடுக்க மாட்டாய், தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நெல்டா


பனாக்கா
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

பூஜ்யம் வருகிறது! ஒவ்வொரு தடவையும் வருகிறது. அரை நிமிஷத்தில் கட்டு முழுவதையும் எண்ணி முடிக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு சின்னதும் ஒரு பெரியதும் சேர்ந்து வந்தால் கண் தானாகக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு பழகுகிறேன். ஒவ்வொரு கட்டுக்கும் நீ சொன்ன மாதிரி கையைத் தட்டிக் காட்டுகிறேன். கொட்டகையில் பூனை ஒன்றுதான் பார்க்கிறது, அதற்கு என் மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

சொன்னால் வெட்கமாக இருக்கிறது. இதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. நீ எழுதினதை மனதில் வைத்து எண்ணும்போது, சின்ன வயசில் எனக்கு நீ கூட்டல் சொல்லிக் கொடுத்தது போலவே இருக்கிறது. அப்போதும் மடையா என்றுதான் கூப்பிடுவாய்.

ஏப்ரல் முதல் சனி, ஞாயிறில் வருகிறேன். சர்ச் மாநாட்டுக்கு சால்ட் லேக் போகிறேன் என்று அர்விலாவிடம் சொல்லிவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. வடக்கே நம் சர்ச் தலைவரான தீர்க்கதரிசியின் பேச்சைக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெற்கே சூதாடப் போகிறேன். "நீயாவது போயிட்டு வா, நான் ரேடியோவுல கேட்டுக்கிறேன்"னு சொல்லி, வழியில் சாப்பிட எனக்கு ரொட்டி சுட்டுத் தருவதாகச் சொன்னாள்.

பயப்படாதே. உன் இடத்துக்கு வர மாட்டேன்.

லாமார்


லாஸ் வேகாஸ்
மார்ச் 25

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். பழைய தெருவில் இருக்கும் சின்ன இடங்களுக்குப் போ, ஒரே ஒரு சீட்டுக்கட்டை வைத்து ஆடுவார்கள். ஓர் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதே. கொஞ்சத்திலிருந்து திடீரென்று பெரிதாகத் தாவாதே, படிப்படியாக ஏற்று. குடிக்க என்ன வேண்டும் என்று பெண் வந்து கேட்பாள். பால் என்று சொல்லித் தொலைக்காதே. பால் குடிப்பவனைத் தெருவே திரும்பிப் பார்க்கும். இஞ்சி சோடா கேள்.

தோற்றால் பாதியில் எழுந்துவிடு. ஜெயித்தாலும் எழுந்துவிடு. நேராக வீட்டுக்குப் போ. என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ஊரைத் தாண்டிய பிறகு எழுது.

நெல்டா


லாஸ் வேகாஸ்
ஏப்ரல் 5

லாமார்,

ஏன் வந்தாய்? ஏன்டா வந்தாய்?

உனக்கு எழுத உட்காருவது இது நாலாவது தடவை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்காருகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் நான் சீட்டைக் கலைத்துக்கொண்டு நிமிர்ந்தால், இரண்டு மேசை தள்ளி அப்பாவின் முதுகு. அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் நீ என்று தெரிந்தது. கையிலிருந்து ஒரு சீட்டு திறந்து விழுந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் எனக்குச் சீட்டு விழுந்ததே கிடையாது. நான் உன்னைப் பார்க்கவே கூடாது என்று குனிந்துகொண்டேன். ஆனால் பார்த்தேன். நீ நன்றாக ஆடினாய். உதடு அசையவில்லை. உன் முன்னால் சில்லு ஏறிக்கொண்டே போனது. பயத்துக்கு நடுவில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என்னை என்ன சொல்வது.

அப்புறம் நீ எழுந்தாய். எழுந்து கையைத் தட்டி, உள்ளங்கை இரண்டையும் மேலே காட்டினாய்.

ஆட்டக்காரன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான், லாமார். இந்த ஊரில் ஒருத்தன்கூட. எங்கள் மேற்பார்வையாளர் ஹாஸ்கல் வாயில் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். குச்சியை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு டீலராகப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார்.

"நெல்டா, அந்தப் பண்ணைக்காரனுக்கு யாரோ கத்துக் குடுத்திருக்காங்க. சுண்டு விரலைக் கொஞ்சம் மடக்கித் திருப்புறான் பாரு, உன்னை மாதிரியே. உனக்கு வேண்டியவனா?"

"இல்லை"னு சொன்னேன்.

"பாத்ததே இல்லையா?"

"இல்லை, சார்."

"அப்பச் சரி. உனக்குத் தெரியாத ஆள்தானே? நீயே போய் வெளியே போகச் சொல்லு."

அவருக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் என் மேசையை விட்டு, கையைத் தட்டிக் காட்டிவிட்டு, உன்னிடம் நடந்து வந்தேன். "சார், உங்க ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இனிமே இங்கே சீட்டு ஆடக் கூடாது. திரும்பி வந்தா போலீசைக் கூப்பிடுவோம்"னு சொன்னேன். என் தம்பியின் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். குரல்கூட உடையவில்லை. நீ, "சரிங்கம்மா"னு சொன்னாய்.

காவலாளி வந்து, "காசு ஜன்னல்ல சில்லைப் பணமா மாத்திக்குங்க. லைசென்ஸைக் காட்டிப் பேரை எழுதிக் குடுத்துட்டுப் போங்க"னு சொன்னான். நீ பையில் கை வைத்தாய். உன் லைசென்ஸில் நம் குடும்பப் பேர் டெல்போர்ட் என்று இருக்கும். என் வேலை அட்டையிலும் டெல்போர்ட். உனக்கு அது தோன்றிய நொடியை நான் பார்த்தேன். நீ பையிலிருந்து கையை எடுத்து, அந்தச் சில்லுக் குவியல் முழுவதையும் மேசை நடுவுக்குத் தள்ளிவிட்டு, "மாத்த ஒண்ணுமில்லைங்க. இது டீலருங்களுக்கு"னு சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாய்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். நீ வாசலைத் தாண்டும்வரை நேரம் இருந்தது. நான் என் மேசைக்குத் திரும்பிப் போய்ச் சீட்டுப் போட்டேன்.

ஆட்டக்காரர்கள் கொடுக்கும் அன்பளிப்பையெல்லாம் நாங்கள் ஒன்றாகச் சேர்த்து டீலர்களுக்குப் பங்கு போடுவோம். அன்று எல்லாருக்கும் ஒரே குஷி. "யாரோ ஒரு புண்ணியவான்"னு சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஒரு கவர் வாங்கினார்கள். என் கவரில் நாற்பத்தொரு டாலர் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வாங்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே. அதை இத்துடன் அனுப்புகிறேன். உன் மோட்டாரில் அறுபதில் ஒரு பங்கு.

கையைத் தட்டச் சொல்லிக் கொடுத்தது நான். அதை வைத்துத்தான் உன்னைப் பிடித்தார்கள்.

நெல்டா


பனாக்கா
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒன்றும் செய்யாதே. அந்த ஆளிடம் எதுவும் சொல்லாதே. உன் வேலை போகக் கூடாது என்றுதான் அதை விட்டுவிட்டு வந்தேன். நீ சொல்லிவிட்டால் நான் விட்டதற்கு அர்த்தமே இல்லை.

தப்பு முழுக்க என்னுடையது. சனிக்கிழமை பழைய தெருவில் நீ சொன்னபடியே ஆடினேன். எண்ணூறு டாலர் ஆயிரத்து எழுநூறாக ஆனது. ஞாயிறு காலையில் இன்னொரு சின்ன இடத்துக்குப் போயிருந்தால் மெதுவாக மீதியும் வந்திருக்கும். ஆனால் உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. உன் மேசைக்கு வராமல், தூரத்திலிருந்து, நீ வேலை செய்வதை. ஊரில் எல்லாரிடமும் பரிமாறுகிறாள் என்று சொன்னவன் நான். அதற்காகவாவது ஒரு தடவை நிஜமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கணக்கு ஏறத் தொடங்கியது. ஏறினதும் கை சும்மா இருக்கவில்லை. பூட்ஸில் இருந்த பணம் முழுவதையும் சில்லாக்கினேன். உன்னைப் பார்க்க வந்தேன் என்பது பாதிதான் உண்மை.

மோட்டார் என் முன்னால் அடுக்கி இருந்தது அக்கா. இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். போதும் என்று எழுந்தேன். கை தானாகத் தட்டிவிட்டது. சுண்டு விரல் மடங்கினது அப்பாவை அடக்கம் செய்த அன்று உன்னிடம் பார்த்ததாக இருக்கும். கணக்கு முடிந்தது, பூஜ்யத்துக்குப் போ என்று இரண்டு மாசமாகக் கைக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதானே.

நீ வந்து என் முன்னால் நின்றபோது எனக்கு அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அன்று நான் எல்லாரோடும் சேர்ந்து சிரித்து உன்னை யாரோ போலப் பார்த்தேன். ஆகவே நீ என்னைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் இருந்தது. இருந்ததை எழுதிவிட்டேன், இனி இருக்காது.

அர்விலாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாநாட்டில் யார் பேசினார்கள் என்று கேட்டாள். எதையோ உளறினேன். அவள் இரண்டு நாளும் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். என் உளறலைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

உன் கவரைத் திருப்பி அனுப்புகிறேன். அது உன் கூலி.

லாமார்


லாஸ் வேகாஸ்
ஏப்ரல் 12

தம்பி,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. இன்று காலை ஹாஸ்கலிடம் போனேன். அவர் காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அனுப்பினோமே, அந்த ஆள் என் தம்பி. கூடப் பிறந்தவன். நான்தான் தபால்ல எண்ணச் சொல்லிக் குடுத்தேன். அவன் விட்டுட்டுப் போனது அவன் கிணத்து மோட்டாருக்கான பணம்"னு சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன் இதை இப்ப வந்து சொல்றே? நான் அதை அன்னைக்கே மறந்துட்டேனே"னு சொன்னார்.

மறந்துவிட்டாராம். நான் ஒன்பது நாள் தூங்கவில்லை, அவர் மறந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். "டீலருங்களுக்குன்னு அவனே குடுத்தான், பங்கு போட்டாச்சு, சட்டை வாங்கிட்டாங்க, குடிச்சுட்டாங்க. யார்கிட்டப் போய்க் கேப்பே?"னு கேட்டார். அப்புறம் என் வேலை அட்டையைக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. "இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தே, இன்னும் ஒரு நாள் மூடியிருக்கக் கூடாதா?"னு அவருக்கே வருத்தம்.

இடுப்பில் கட்டும் டீலர் ஏப்ரனை அவிழ்த்து மேசை மேல் வைத்தேன். கையைத் தட்டிக் காட்டினேன். அப்போது மேசையில் சீட்டும் இல்லை, சில்லும் இல்லை, காபிக் கோப்பை மட்டும்தான் இருந்தது.

உன் பணமும் போனது, என் வேலையும் போனது. முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை மட்டும் போயிருக்கும், மோட்டார் வீட்டுக்கு வந்திருக்கும். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல், சொல்லத் தேவையில்லாத நேரத்தில் போய்ச் சொன்னேன். எனக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. உனக்காக என்றால் அந்த ஞாயிறே சொல்லியிருப்பேன்.

நெல்டா


பனாக்கா
ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் எழுதியிருக்கிறோம். நீ சொல்லாதே என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது நீ சொல்லி முடித்துவிட்டு வந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். தபால் ஆபீஸ் வாசலிலேயே படித்தேன். வண்டி ஓட்டி வீட்டுக்கு வர முடியாமல் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அர்விலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிடாரிப் பணம், மாநாடு, சீட்டு, நீ, எல்லாம். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"ரெண்டு மாசமா சாப்பிட்டு எழுந்ததும் கையைத் தட்டி எனக்குக் காட்டுறே லாமார். எனக்குக் கண்ணு இல்லைன்னா நினைச்சே?"

நான் செய்தது எனக்கே தெரியாது அக்கா. கொட்டகையில் மட்டும்தான் தட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவியோன்னு பயந்தேன். எனக்கும் மோட்டார் வேணும்தானே"னு சொல்லிவிட்டு அழுதாள். கிடாரிகளுக்காகத் தனியாக ஒரு தடவை அழுதாள். பிறகு உன் கடிதத்தைக் கேட்டாள். இரண்டு தடவை படித்தாள். அப்பாவைப் புதைத்த அன்று மேசையில் சொன்னதைத் தான் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதச் சொன்னாள். நீயே எழுதேன் என்றேன். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எழுதுவேன்? அவங்க வரட்டும், நேர்ல சொல்றேன்"னு சொன்னாள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. நேற்று பக்கத்துப் பண்ணைக்காரன் தன் குழாயை நம் வாய்க்கால் வரைக்கும் இழுத்துவிட்டான். குதிரைமசால் பிழைத்துவிடும், நமக்கு இல்லை என்றாலும். மே மாதத்திலிருந்து நான் நெடுஞ்சாலை போடுகிறவர்களோடு கூலிக்குப் போகிறேன். காலியென்டே ரயிலடிச் சாப்பாட்டுக் கடையில் பரிமாற ஆள் கேட்கிறார்கள். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஊரிடம் சொன்ன பொய்யை நிஜமாக்கிவிட்டேன் போல இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் வா.

அந்த நாற்பத்தொரு டாலரில் இந்த வழியாக வடக்கே ஈலி போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடு. நெடுஞ்சாலைப் பிரிவில் வண்டியோடு நிற்பேன்.

ஞாயிறு சாப்பாட்டுக்கு பிஷப் குடும்பமும் வருகிறது. அர்விலாதான் கூப்பிட்டாள், வேண்டுமென்றே. அன்று சிரித்த எல்லாரும் இருப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் நீ அடக்கிக்கொள்ளாதே. எழுந்து கையைத் தட்டிக் காட்டு. உன் பக்கத்தில் நின்று நானும் தட்டுகிறேன். இந்தத் தடவை நம் இரண்டு பேர் கையிலும் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

லாமார்